நீலகிரியில் பறவை பார்த்து இணையத்தில் பதிவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரில் தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் காலையில் நடந்தால், கூரான கொண்டையும் கன்னத்தில் சிவப்புத் திட்டும் கொண்ட ஒரு சிறு பறவை கண்ணில் படும். அதுதான் செம்மீசைச் சின்னான். பறவையியல் படிக்காத நாம் அதைப் பற்றி இணையத்தில் எழுதினால் மதிப்பு உண்டா? உண்டு. அதற்கு ஒரு முறை இருக்கிறது. சேர்ந்தே கற்றுக்கொள்வோம்.

நம் பதிவு எதற்கு?

2023-இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 பறவை இனங்களை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகள். எத்தனை அறிவியலாளர்கள் இருந்தாலும் எல்லா ஊரிலும் எல்லா மாதத்திலும் நின்று எண்ண முடியாது. அந்த இடத்தை நிரப்புவது நாம்தான்.

என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்?

ஈ-பேர்ட், மெர்லின் ஆகிய இரண்டும் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் செயலிகள், இரண்டும் இலவசம். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ தமிழில் நல்ல துணை. 8×42 இருநோக்கி ஒன்றுக்கு ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் ரூபாய் வரை ஒதுக்கலாம். முதல் மாதம் அது இல்லாமலே தொடங்குங்கள். ஆர்வம் நிலைத்த பிறகு வாங்கலாம்.

எங்கே தொடங்குவது?

முதலில் வீட்டு வாசல். அடுத்து குன்னூர் சிம்ஸ் பூங்கா, ஊட்டி தாவரவியல் பூங்கா. கை பழகியபின் கெய்ர்ன் ஹில், தொட்டபெட்டா. காலை வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது.

எப்படிப் பதிவது?

1. ஈ-பேர்ட் செயலியில் இடத்தைக் குறித்து, நேரத்தைத் தொடங்கிவைப்போம்.
2. குறைந்தது 15 நிமிடம் பார்ப்போம்.
3. அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு எழுதுவோம். காகத்தையும் விடக்கூடாது.
4. சந்தேகம் இருந்தால் பெயரை ஊகிக்காமல், ‘ஏதோ ஒரு ஈப்பிடிப்பான்’ என்ற அளவில் நிறுத்துவோம்.
5. அரிதானது என்றால் படமோ குரல்பதிவோ சேர்ப்போம்.

செயலி சொல்வதை நம்பலாமா?

மெர்லின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்வோம். மசினகுடிப் பக்கம் துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளைப்போல் குரல் கொடுக்கும். செயலியும் ஏமாறலாம், நாமும் ஏமாறலாம். கண்ணால் பார்த்தபிறகே எழுதுவோம்.

நிபுணர் எங்கே வருகிறார்?

ஊட்டியில் யாராவது ‘பழனி சிரிப்பான்’ என்று பதிந்தால் உடனே கேள்வி எழும். அந்த இனம் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே வாழ்வது. இங்கே இருப்பது நீலகிரி சிரிப்பான். இந்தச் சிரிப்பான்களும் சோலைக்காட்டு நீல ராபின்களும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்று 2017-இல் மரபணு ஆய்வு காட்டியது. எத்தனை காலை நடந்தாலும் நம் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது.

ஈ-பேர்டில் வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால் கணினி அதைச் சரிபார்ப்புக்காகக் குறித்துவைக்கும். பிறகு அப்பகுதியை நன்கு அறிந்த தன்னார்வலர் ஒருவர் விவரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பலாம். அதை அவமானமாக நினைக்க வேண்டாம். பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்; தவறு என்றால் திருத்துங்கள். நாம் கற்பதே அங்கேதான்.

கவனம்

- தோட்டத்துக்குள் போகுமுன் அனுமதி கேளுங்கள்; காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையாதீர்கள்.
- காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் வரும். தனியாகப் போகாதீர்கள்.
- கூட்டின் இடத்தை இணையத்தில் போடாதீர்கள். குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்காதீர்கள்.

அடுத்து என்ன?

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் உலகளாவிய கணக்கெடுப்பும் நடக்கும். புதியவர் எவரும் சேரலாம். இணையத்தில் ஒரு தகவலைப் படிக்கும்போது எழுதியவரின் பட்டத்தை மட்டும் பார்க்காமல், எங்கே, எப்போது, எதைப் பார்த்தார், யார் சரிபார்த்தார் என்று கேளுங்கள். நம் பதிவிலும் அந்த நான்குக்கும் விடை இருக்கட்டும். நாளைக் காலை 15 நிமிடம் ஒதுக்குங்கள். வாசலில் வந்து உட்காரும் சின்னானிலிருந்தே தொடங்குங்கள்.