செல்வரின் தனிச் சபையும் காணாமல் வாங்கும் பொருளும்

மக்காவின் குறைஷித் தலைவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். இந்த ஏழைகளைச் சபையிலிருந்து விலக்கிவிடுங்கள் என்பதே அது. அப்போது அங்கிருந்தவர் ஆறு பேர் என ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிம் ஹதீஸ் நூலில் இடம்பெற்றுள்ளது. அறிவித்த ஸஃது அவர்களே அவர்களில் ஒருவர். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களும் பிலால் (ரலி) அவர்களும் உடனிருந்தனர். காலையிலும் மாலையிலும் தம் இறைவனை அழைப்போரை விரட்டலாகாது என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 52ஆவது திருவசனம் இறங்கிற்று. தனிச் சபை கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

அன்று கிடைக்காத அந்தச் சபை இன்று கைப்பேசிக்குள் கிடைக்கிறது. 2004இல் மேனாட்டில் தொடங்கப்பட்ட 'அஸ்மால்வேர்ல்ட்' என்ற இணையச் சங்கத்தில், உள்ளே இருக்கும் ஒருவர் அழைத்தால்தான் புதியவர் நுழைய முடியும் என்று வைத்திருந்தார்கள். நம் நாட்டில் 2016இல் வந்த 'டாட்டா கிளிக் லக்சுரி'யில் அழைப்பு தேவையில்லை. விலையே அங்கு வாயில்காப்போன். 2018இல் வந்த 'க்ரெட்' செயலியோ, கடன் மதிப்பெண் 750க்குக் குறையாதவருக்கே இடம் என்று தொடங்கிற்று. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடன் மதிப்பெண் என்பது கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டியவருக்கு வருவது. வட்டிக்கு அஞ்சி, வாழ்நாளில் ஒரு கடனும் வாங்காத நம் பெரியவர் ஒருவர் போய்க் கதவைத் தட்டினால் அவருக்கு மதிப்பெண்ணே இராது. கடனிலிருந்து பாதுகாப்புத் தேடி நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் துஆச் செய்வார்கள் என்று புகாரியில் காண்கிறோம். அவர்கள் எதிலிருந்து பாதுகாப்புத் தேடினார்களோ, அதுவே இங்கு நுழைவுச் சீட்டாகிவிட்டது!

செல்வர்கள் தமக்குள் கூடுவது ஹராமா என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. ஒரே தொழில் செய்வோர் கூடிப் பேசுவார்கள், உறவினர் கூடுவார்கள், அதில் குற்றமில்லை. பிறருக்குரிய ஹக்கு அந்தக் கதவுக்கு வெளியே தங்கிப் போனால்தான் குற்றம் வருகிறது.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஜமாஅத் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். வசதியுள்ள பெண்கள் சிலர் வாட்ஸ்அப் குழு ஒன்று வைத்திருந்தார்கள். இன்ன செயலியில் இன்ன புடவை வாங்கினேன், இன்ன கைப்பை வந்து சேர்ந்தது என்று அதில் படம் போட்டுக்கொள்வார்கள். ஒரு வீட்டில் நிக்காஹ் வந்தது. வலீமா அழைப்பும் அந்தக் குழுவிலேயே போடப்பட்டது. பத்திரிகை அச்சடிக்கவில்லை, வீடு வீடாய்ப் போய்ச் சொல்லவும் இல்லை. அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்குச் செய்தியே எட்டவில்லை. அந்த வீட்டம்மா ஜி.என்.டி. சாலையோரக் கிடங்கு ஒன்றில் பொதி கட்டும் வேலைக்குப் போகிறவர். அந்தக் குழுவில் படமாய் வந்த பொருள்களில் எத்தனையை அவர் கையே அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டியதோ, அல்லாஹ்வே அறிவான். செல்வர் அழைக்கப்பட்டு ஏழை விடப்படும் வலீமா உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற கருத்து புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வேண்டுமென்று விடவில்லை, மறந்துபோனோம் என்றார்கள் வீட்டார். உண்மைதான். குழுவில் இல்லாதவர் நினைவிலும் இல்லாமற் போகிறார்.

இனி, வாங்கும் முறைக்கு வருவோம். கண்ணால் காணாத சரக்கை வாங்குவது நம் பகுதிக்குப் புதிதன்று. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கோட்டை கட்டிய காலத்திலேயே, மாதிரித் துணி காட்டி நெசவுக்குச் சொல்லி, சோழமண்டலக் கரையின் துணிகளைக் கடல்கடந்து அனுப்பியிருக்கிறார்கள். இன்று மாதிரித் துணியின் இடத்தில் படம் நிற்கிறது. படத்துக்கு மெருகேற்றலாம், மாதிரித் துணிக்கு அது முடியாது.

காணாமல் வாங்கியவருக்கு, கண்டபின் ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு என்பது ஹனஃபீ மத்ஹபு. 'கியாருர் ருஃயா' என்பார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் விற்ற நிலத்தைத் தல்ஹா (ரலி) அவர்கள் காணாமலே வாங்கினார்கள். உரிமை யாருக்கு என்ற பேச்சு எழுந்தபோது, வாங்கியவருக்கே என்று ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததை ஹிதாயா ஆசிரியர் ஆதாரமாகக் கொள்கிறார். பார்க்குமுன் 'எனக்குத் திருப்தி' என்று சொல்லிவிட்டாலும் அந்த உரிமை போகாது. ஷாஃபிஈ மத்ஹபில், காணாத ஒரு குறிப்பிட்ட பொருளின் விற்பனை செல்லாது என்பதே இமாம் அவர்களின் பிந்திய சொல். தன்மைகளை விவரித்துப் பொறுப்பேற்று விற்பதற்கு வேறு சட்டம். அதன் நிபந்தனைகளைத் தங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்க. வாங்காதவர் வாங்கியதுபோல் எழுதும் பாராட்டுகளையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பிறரை ஏமாற்ற விலையை ஏற்றிக் கேட்கும் 'நஜ்ஷை' நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். இதுவும் அந்த இனமே.

பார்த்து மறுக்கும் உரிமை இருப்பதாலேயே ஒரு கள்ளத்தனமும் புகுந்திருக்கிறது. சகோதரி ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜரத், ஒன்பதாயிரம் ரூபாய்க்கு உடுப்பு வரவழைத்தேன். அட்டையை உள்ளே மடித்துவிட்டு, கலியாணத்துக்கு இரண்டு மணி நேரம் உடுத்தினேன். மறுநாள் அளவு சரியில்லை என்று திருப்பிவிட்டேன். பணம் வந்துவிட்டது. எங்கள் குழுவில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம். இது கூடுமா?"

கூடாது. பார்ப்பதற்குத் தேவையான அளவுக்கு உடுத்திப் பார்க்கலாம். சொந்தக்காரரைப் போல உடுத்திச் சபைக்குப் போய்விட்டால் உரிமை அற்றுவிடும். அளவு சரியில்லை என்றது பொய். கைக்கு வந்த பணமும் ஹலாலன்று. நடந்ததைச் சொல்லி, உரியவரிடம் சேர்த்தாக வேண்டும். அவரைக் கண்டறிய வழியே இல்லையென்றால்தான் அவர் பேரால் ஸதக்கா. எடுத்த எடுப்பில் ஸதக்கா கொடுத்துவிட்டு ஓய்ந்துவிட முடியாது.

"அவ்வளவு பெரிய கம்பெனியில் யாரிடம் போய்ச் சொல்வது?" என்றார் அந்தச் சகோதரி. ரசீதை எடுத்துவரச் சொன்னோம். செயலியின் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே, விற்றவர் என்ற இடத்தில், சூரத் நகரத்து ஜவுளிக்காரர் ஒருவரின் பெயரும் முகவரியும் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தன. அந்த முகவரிக்கே கடிதம் எழுதச் சொன்னோம். மறுவாரம் பதில் வந்தது: உடுப்பு கசங்கி வந்ததால் பாதி விலைக்குத் தள்ளிவிட்டாராம், குறைந்த தொகையை மட்டும் அனுப்பினால் போதும், மீதியை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதியிருந்தார். சகோதரி அனுப்பிவிட்டார். அந்தக் கடிதத்தைக் குழுவிலும் போட்டிருக்கிறாராம்.