சந்தேகமும் இரகசியமும்: படக்கதைகள் தரும் பாடம்



சினிமாவாயினும் தொலைக்காட்சி நாடகமாயினும், மக்கள் விரும்பிப் பார்க்கும் கதைகளில் சண்டைக் கதைகள் உண்டு, சிரிப்புக் கதைகளும் உண்டு. ஆனால் பார்த்து முடித்துப் பல நாள் சென்ற பின்னும் மனத்தை விட்டு நீங்காதவை பெரும்பாலும் நம்பிக்கை முறிந்த கதைகளே. கணவன் மனைவியிடம் ஒன்றை மறைக்கிறான். அரசன் ஊழியனை ஐயுறுகிறான். நண்பன் நண்பன்மேல் கத்தியை ஓங்குகிறான். இவை நம்மைப் பிடித்து நிறுத்துவதற்குக் காரணம் உண்டு.

வியாபாரிகளாகிய நாம் நம்பிக்கையை முதலாகப் போட்டுப் பிழைப்பவர்கள். கல்லாச் சாவியைக் கூட்டாளி கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் பயணம் போகிறோம். முகத்தைப் பார்த்துக் கடனுக்குச் சரக்குக் கொடுக்கிறோம். மனைவி மக்களைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் இங்கே இருந்தவர்கள் நம் முன்னோரில் அநேகர். ஆகவே நம்பிக்கை முறியும் கதை நமக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

இப்பாடத்தில் நான்கு கதைகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரே விஷயத்தைத் தேடுவோம். எந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அல்லது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தத் துன்பம் நேர்ந்திராது?

1. நம் ஊர்க் கதை

முதற்கதைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோத்தா திங்கியில் கம்போங் மக்காம் என்னும் இடத்தில் ஒரு சுல்தானின் அடக்கத்தலம் இருப்பதை யாவரும் அறிவோம். அவர் சுல்தான் மஹ்மூது. 1685-ல் சிறு பிராயத்திலேயே அரசுரிமை பெற்றவர். 1699-ல் கொல்லப்பட்டார். தோளில் தூக்கிச் செல்லப்படுகையில் மாண்டவர் என்ற பொருளில் அவரை 'மங்காட் டிஜூலாங்' என்று மலாய் மக்கள் குறிப்பிடுகிறார்கள். அக்காலத்தில் ஜொகூர் அரசின் தலைநகரம் இவ்வூரிலேயே இருந்தது.

ஊர் வழக்கில் வரும் கதை இதுதான். மெகாட் ஸ்ரீ ராமா என்ற கடற்படைத் தளபதி அரசு காரியமாக வெளியே போயிருந்தார். கர்ப்பிணியான அவருடைய மனைவி டாங் அனும், அரண்மனைத் தோட்டத்துப் பலாப்பழத்தின்மேல் ஆசை கொண்டாள். தோட்டக் காவலன் இரங்கி ஒரு சுளையைக் கொடுத்தான். பழம் அறுபட்டிருப்பதைக் கண்ட சுல்தான் காரணம் கேட்டார். வயிற்றுப் பிள்ளையின் ஆசைக்காகவே உண்டதாக அந்தப் பெண் சொன்னாள். சுல்தான் அதை நம்பவில்லை. வயிற்றைக் கீறிப் பார்க்கும்படி கட்டளையிட்டார். திரும்பி வந்த தளபதி, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட சுல்தானை வழியிலேயே குத்திக் கொன்றார், தாமும் மாண்டார். தளபதியின் அடக்கத்தலமும் இவ்வூரிலேயே கம்போங் கிளந்தானில் இருக்கிறது.

இக்கதையை 1961-ல் சிங்கப்பூரின் கேத்தே கெரிஸ் நிறுவனம் படமாக்கியது. இயக்கியவர் கே. எம். பாஸ்கர். மலாய்ப் படங்களை வளர்த்த இந்திய டைரக்டர்கள் வரிசையில் அவரும் ஒருவர். பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய 'பக்தி' என்ற 1950-ஆம் ஆண்டுப் படத்தை இயக்கிய எல். கிருஷ்ணனும் அவ்வரிசையைச் சேர்ந்தவரே.

இங்கே சுல்தான் விசாரிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. விசாரித்தார், பதிலும் வந்தது. ஆனால் அந்தப் பதிலை ஏற்க அவருக்கு மனமில்லை. சொல்லை நம்பாதவன் சாட்சியைக் கேட்கிறான். அவர் கேட்ட சாட்சியோ உயிரைப் பறிக்காமல் கிடைக்கக்கூடியதன்று. அளவுகடந்த சந்தேகத்தின் தன்மை இதுவே. தான் ஐயுற்ற பொருளை அழித்துப் பார்த்துத்தான் அது ஓயும்.

விளைவு ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. சுல்தானுக்கு அறியப்பட்ட வாரிசு இல்லாமையால் மலாக்கா அரச வமிசத்தின் நேர்வழி அவரோடு முடிந்தது. முதலமைச்சராகிய பெண்டஹாரா அப்துல் ஜலீல் அரியணை ஏறினார். 1718-ல் சியாக்கிலிருந்து ராஜா கெச்சில் என்பவர், தாம் மாண்ட சுல்தானின் மகன் என்று சொல்லிக்கொண்டு வந்து ஜொகூரைக் கைப்பற்றினார். அது மெய்யா பொய்யா என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் முடியவில்லை. 1722-ல் பூகிஸ்காரர்கள் அவரை விரட்டி, அப்துல் ஜலீலின் மகன் சுலைமானைச் சுல்தானாக்கினார்கள். 1699-ல் சிந்திய இரத்தம் உலர்ந்து இருபது ஆண்டு சென்ற பிறகும் ஐயம் மட்டும் உலரவில்லை.

2. மலாக்காவின் இரு நண்பர்கள்

இரண்டாவது, ஹங் துவா கதை. 1956-ல் பனி மஜும்தார் இயக்கத்தில் பி. ரம்லி நடித்து வெளிவந்த படம். மலாக்கா சுல்தானின் உண்மை ஊழியனான துவாவின்மேல் பொறாமை கொண்டவர்கள், அரண்மனைப் பெண்ணொருத்தியோடு அவனுக்குத் தொடர்பு என்று கோள் மூட்டுகிறார்கள். சுல்தான் துவாவை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரண தண்டனை விதிக்கிறார். பெண்டஹாரா அதை நிறைவேற்றாமல் துவாவை மறைத்து வைக்கிறார். நண்பன் மாண்டான் என்று நம்பிய ஹங் ஜெபாட் கொதித்தெழுந்து அரண்மனையைக் கைப்பற்றுகிறான். அவனை அடக்க ஆளில்லாமல் சுல்தான் வருந்தும்போது, துவா உயிரோடிருக்கும் செய்தி வெளிப்படுகிறது. கடைசியில் எந்த நண்பனுக்காக ஜெபாட் எழுந்தானோ, அந்த நண்பன் கையாலேயே மாண்டு போகிறான். 1961-ல் ஹுசேன் ஹனிஃப் இயக்கிய 'ஹங் ஜெபாட்' இதே கதையை ஜெபாட்டின் பக்கம் நின்று சொன்னது.

கோள் சொன்னவர்கள் கெட்டவர்கள்; அதில் விவாதமில்லை. கூர்ந்து பார்க்க வேண்டியவர் நல்லவரான பெண்டஹாராதான். அவர் காத்த இரகசியம் ஓர் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் அந்த இரகசியத்தை எவன் அவசியம் அறிந்திருக்க வேண்டுமோ, அவனுக்கு அது எட்டவில்லை. 'உன் நண்பன் சாகவில்லை' என்ற ஒரு சொல் ஜெபாட்டின் காதில் விழுந்திருந்தால் அவன் எழுச்சிக்கே காரணம் இருந்திராது. நல்ல நோக்கத்தோடு காக்கும் இரகசியமும் யாரிடமிருந்து காக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தீமையாகிவிடலாம்.

3. சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல்

மூன்றாவது, 1964-ல் தாதா மிராசி இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த 'புதிய பறவை'. சிங்கப்பூரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் திரும்பும் செல்வந்தன் கோபால், லதா என்ற பெண்ணைக் காண்கிறான், மனம் பறிகொடுக்கிறான். தன் முதல் மனைவி சித்ரா ரயிலில் அடிபட்டு மாண்டதாக அவளிடம் சொல்கிறான். திருமணம் கூடிவரும் வேளையில், 'நான்தான் சித்ரா' என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வீட்டுக்குள் வந்து நிற்கிறாள்.

வந்தவள் சித்ரா அல்லள் என்று கோபாலுக்கு உறுதியாகத் தெரியும். ஏனெனில் சித்ரா எப்படி மாண்டாள் என்பது அவன் ஒருவனுக்கே தெரியும். அவன் கோபத்தில் அறைந்த அறையிலேயே அவள் உயிர் போயிற்று. பிறகுதான் உடலைத் தண்டவாளத்தில் கிடத்தினான். வந்தவளைப் பொய்யளென்று காட்ட வேண்டுமானால் தன் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். குற்றத்தை மறைக்க வேண்டுமானால் பொய்யளை மனைவியென்று ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுத் தவித்து, முடிவில் தன் வாயாலேயே உண்மையைக் கொட்டுகிறான். அப்போதுதான் லதா போலீசைச் சேர்ந்தவள் என்பதும், வந்தவள் போலீசார் வைத்த பொறி என்பதும் வெளியாகின்றன. லதாவின் அன்பு மட்டும் பொய்யாக இல்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது.

சித்ரா மாண்ட அன்றே உள்ளதைச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தண்டனை உண்டு. ஆனால் அது ஒரு கோபத்துக்குரிய தண்டனையாக இருந்திருக்கும். மறைத்ததனால் ஒரு குற்றம் இரண்டாயிற்று. கடன் வட்டியோடு ஏறுவதைப்போல மறைத்த பொய்யும் ஏறிக்கொண்டே போகும் என்பதை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

4. எல்லோரும் அறிந்த இரகசியம்

நான்காவது, அண்மைக்காலப் படம். 2013-ல் மலையாளத்தில் 'திருஷ்யம்' என்று ஜீத்து ஜோசப் எடுத்ததை அவரே 2015-ல் கமல் ஹாசனைக் கொண்டு தமிழில் 'பாபநாசம்' என்று எடுத்தார். ஊரில் கேபிள் டி.வி. நடத்தும் சுயம்புலிங்கத்தின் மகளை, போலீஸ் மேலதிகாரியின் மகனொருவன் படமெடுத்து மிரட்டுகிறான். கைகலப்பில் அவன் மாண்டு போகிறான். குடும்பமே சேர்ந்து அதை மறைக்கிறது.

செய்தது சரியென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாயும் மகளும் நடந்ததைத் தகப்பனிடம் உடனே சொல்லிவிடுகிறார்கள். ஆகவே போலீசார் எவ்வளவு நெருக்கியபோதும் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் வரவில்லை. சுயம்புலிங்கம் ஒன்றை மட்டும் தன்னோடு வைத்துக்கொள்கிறான்: உடல் கடைசியாகப் புதைக்கப்பட்ட இடம். அதுவும் தன் தலையைக் காப்பதற்காக அன்று, அறியாமலிருந்தால் வீட்டாருக்கு நல்லது என்பதற்காக.

இந்நான்கு கதைகளிலிருந்தும் இரகசியத்துக்கு இரண்டு உரைகற்கள் கிடைக்கின்றன. முதலாவது, இந்த இரகசியம் யாரைக் காக்கிறது? கோபாலின் இரகசியம் அவனையே காத்தது. பெண்டஹாராவினுடையது பிறனைக் காத்தது. இரண்டாவது, இதை அறியாமையால் கேடு அடையப் போகிறவன் எவனாவது இருக்கிறானா? பெண்டஹாரா இந்த இரண்டாவது கல்லில் உரைத்துப் பார்க்கத் தவறினார்.

தொடர் நாடகத்தின் பிழைப்பு

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ல் தொடங்கியது. பிற்காலத்தில், 1999-ல் தொடங்கிய 'சித்தி' போன்ற தமிழ்த் தொடர்கள் வந்தபின், நம் வீடுகளில் மாலைப் பொழுதே அவற்றுக்கென்று ஆயிற்று. இத்தொடர்கள் பலவற்றில் ஒரு விந்தையைக் காணலாம். மருமகள் ஒன்றைத் தவறாகக் கேட்டுவிடுவாள். 'மாமி, நீங்கள் சொன்னது என்ன?' என்று கேட்டால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஆனால் கேட்கமாட்டாள், கேட்டால் கதை முடிந்துவிடும், நாளைக்குப் பார்ப்பவர் இரார். கேட்காமலிருப்பதே அந்நாடகத்தின் முதல். அதை வேடிக்கையாகப் பார்ப்பதில் தவறில்லை. அந்தப் பழக்கம் பார்ப்பவர் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் புகுந்துவிடுவதுதான் ஆபத்து.

கடைக்கு இதனால் என்ன?

ஒரு கடையில் இரண்டு பங்காளிகள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் ஆறு மாதம் ஊருக்குப் போய்த் திரும்புகிறார். கல்லாவில் மாதந்தோறும் முந்நூறு வெள்ளி குறைவதாக அவருக்குத் தோன்றுகிறது. இளையவரிடம் கேட்கவில்லை. வேலைப் பையனிடம் சாடையாக விசாரிக்கிறார். பக்கத்துக் கடைக்காரரிடம் பெருமூச்சு விடுகிறார். இரண்டு வாரத்தில் செய்தி இளையவர் காதுக்குப் போகிறது. அவரும் வாய் திறக்கவில்லை. உண்மையில் நடந்தது, வாடிக்கைக்காரர் ஒருவர் வீட்டில் நோய் என்று கடனுக்குக் கொடுத்த சரக்கை அவர் பேரேட்டில் ஏற்றாமல் தனிச் சீட்டில் எழுதி வைத்தது. சீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இருபது வருஷக் கூட்டு உடைகிறது.

'கேட்டால் அவர் மனம் புண்படுமே' என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், சந்தேகம் வந்தபின் கேட்கும் கேள்வி சுடத்தான் செய்யும். ஆகவே சந்தேகம் வருமுன்பே கேள்வியை வழக்கமாக்கிவிட வேண்டும். மாதத்தில் ஒரு நாள் குறித்து இருவரும் சேர்ந்து கல்லாவை எண்ணுவது. கடன் சீட்டுகளை அன்றைக்கே பேரேட்டில் ஏற்றுவது. வருஷ முடிவில் ஐந்தொகை பார்த்து இருவரும் கையொப்பமிடுவது. ஊருக்குப் போகிறவர் புறப்படுமுன் இருப்பைப் பார்த்துப் போவது, வந்தவுடன் பார்ப்பது. இவை வழக்கமானால், 'இது ஏன் குறைகிறது, தம்பி?' என்ற கேள்வி குற்றச்சாட்டாக இராது. 'இதோ பாருங்கள், நானா' என்று சீட்டை எடுத்துக் காட்டுவதும் அவமானமாக இராது.

கேட்கிறவருக்கும் ஒரு கடமை உண்டு. சுல்தானைப்போல, பதில் வந்தபின்னும் வயிற்றைக் கீறிப் பார்க்கக் கூடாது. கணக்கு ஒத்துப்போனால் விஷயத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். பதில் சொல்பவருக்கும் கடமை உண்டு. 'என்னையா கேட்கிறீர்கள்?' என்று கொதிப்பதைவிடப் பேரேட்டைத் திறந்து வைப்பதே நிரபராதிக்கு அழகு.

வீட்டுக்கும் இதுவே முறை. ஊருக்கு அனுப்பும் பணம் எவ்வளவு, இங்கே வாங்கிய கடன் எவ்வளவு என்பது மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கணவன் சொல்லாததை ஊரார் சொல்லித் தெரிந்துகொள்ளும்போது, தொகை சிறிதாயிருந்தாலும் காயம் பெரிதாகிவிடுகிறது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பெண்டஹாராவின் இடத்தில் நீங்கள் இருந்தால், துவாவுக்கு ஆபத்தில்லாமல் ஜெபாட்டுக்கு எப்படிச் செய்தி சொல்லியிருப்பீர்கள்?

2. கோபால் லதாவிடம் உண்மையைச் சொல்லத் தகுந்த வேளை எது? ஏன் அதைத் தவறவிட்டான்?

3. உங்கள் கடைக் கணக்கில் கூட்டாளி அறியாத சீட்டு ஏதேனும் உண்டா? அதைப் பேரேட்டில் ஏற்ற என்ன தடை?

4. யாரையேனும் பற்றி உங்கள் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் சந்தேகத்தை, அவரைத் தவிர எத்தனை பேரிடம் இதுவரை சொல்லியிருக்கிறீர்கள்?