ரெக்கார்டை எங்கே உடைப்பது?

வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கிலப் புத்தகங்களுக்குச் சென்னையில் உட்கார்ந்து பக்கம் அமைப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்: ‘ரெக்கார்ட்’ என்ற சொல் வரிக் கடைசியில் இடம் போதாமல் நின்றால், எந்த எழுத்துக்குப் பிறகு ஹைஃபன் போடுவீர்கள்? “அங்கே அது என்ன பொருளில் வருகிறது?” என்று திருப்பிக் கேட்பவருக்கு இந்த வேலை பிடிபட்டுவிடும்.

பதிவேடு, இசைத்தட்டு, சாதனை என்று பெயர்ச்சொல்லாக வந்தால், சி என்ற எழுத்துக்குப் பின் உடைக்க வேண்டும். ‘பதிவு செய்’ என்ற வினையாக வந்தால் அதற்கு முன்பே, இ-யோடு நிறுத்த வேண்டும். பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுவதால் அங்குள்ள குறில் அடுத்த மெய்யையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. வினையில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விட, ‘ரி’ மட்டும் தனித்து நிற்கிறது. பிரசென்ட், புராஜெக்ட் போன்றவையும் இப்படித்தான். நிமிடத்தைக் குறிக்கும் ‘மினிட்’ மூன்றாம் எழுத்துக்குப் பின் உடையும். அதே எழுத்துகளில் எழுதப்பட்டு ‘மிக நுண்ணிய’ என்று பொருள்தரும் ‘மைன்யூட்’ இரண்டாம் எழுத்துக்குப் பின் உடையும். தமிழில் ஹைஃபனே இல்லாமல் எந்த எழுத்திலும் சொல்லை மடக்கி அடுத்த வரிக்குப் போய்ப் பழகிய நமக்கு, இது கொஞ்சம் பொறுமையோடு கற்க வேண்டிய விஷயம்.

இதையெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். பெரும்பாலும் பார்த்துக்கொள்ளும். டெக் என்ற பக்க அமைப்பு மென்பொருளுக்காக ஃபிராங்க் லியாங் ஸ்டான்ஃபோர்டில் 1983-இல் முடித்த ஆய்வேட்டின் முறையில்தான் இன்றும் ஏராளமான பக்கங்களில் சொற்கள் உடைகின்றன. 4447 எழுத்துக்கோவைகளை வைத்துக்கொண்டு, அகராதி காட்டும் முறிவிடங்களில் 89 சதவீதத்தை அது கண்டுபிடித்துவிடுகிறது. அந்த ஆய்வேட்டின் தலைப்பிலேயே சொற்களை ஹைஃபனால் உடைத்துக் காட்டியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு அது. ஆனால் எழுத்துகளைப் பார்க்கும் முறைக்குப் பொருள் தெரியாது. அதனால்தான் டெக்கின் விதிவிலக்குப் பட்டியலில் பிரசென்ட், புராஜெக்ட் இரண்டையும் உடைக்கவே கூடாது என்று வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் உடைக்காமல் விடுவது என்ற அந்த நியாயத்தை நானும் கடைப்பிடிக்கிறேன்.

மீதியை அகராதிதான் தீர்க்கும். மெரியம்-வெப்ஸ்டரில் தலைச்சொல்லின் நடுவே வரும் புள்ளிகள் வரி முறிவுக்கானவை. உச்சரிப்பைத் தனியே தருவார்கள். புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடக் கூடாது. பெயரா வினையா என்று பார்த்து, பொருளையும் படித்துவிட்டு, உங்கள் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். புத்தகம் அமெரிக்க ஆங்கிலமா பிரிட்டிஷ் ஆங்கிலமா என்பதையும் முதலிலேயே மென்பொருளில் குறித்துவிடுங்கள். ‘நாலெட்ஜ்’ என்ற சொல்லில் அமெரிக்கர்கள் எல் எழுத்துக்குப் பின் உடைப்பார்கள். சொல்லின் பிறப்பைப் பார்க்கும் பிரிட்டிஷ் மரபில் ‘நோ’ தனியாக நிற்கும்.

அகராதி அனுமதித்தாலும் நான் உடைக்காத சொற்கள் உண்டு. ‘லெஜண்ட்’ விதிப்படி உடைந்தால் வரிக் கடைசியில் ‘கால்’ என்ற பொருளுள்ள சொல் நிற்கும், அடுத்த வரி ‘முடிவு’ என்று தொடங்கும். வாசகர் ஒரு நொடி தடுமாறுவார். ‘தெரபிஸ்ட்’ இன்னும் மோசம்: அகராதி காட்டும் முதல் முறிவிடத்துக்கு ஓரெழுத்து முன்னால் உடைந்தால் அடுத்த வரியில் பாலியல் குற்றவாளியைக் குறிக்கும் சொல் வந்து நிற்கும்.

முறிவை மாற்ற வேண்டியிருந்தால் விசைப்பலகையில் வெறும் ஹைஃபனைத் தட்டாதீர்கள். பத்தி நகர்ந்ததும் அது வரி நடுவில் சொல்லைப் பிளந்துகொண்டு நிற்கும். இன்டிசைனில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஹைஃபன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், தேவைப்படும்போது மட்டும் தெரியும் ஹைஃபன் கிடைக்கும். லாடெக்கில் பேக்ஸ்லாஷை அடுத்து ஹைஃபன்.

திருத்தம் செய்த வரியோடு நிறுத்திவிடவும் கூடாது. டெக், பத்தி முழுவதையும் ஒன்றாகக் கணக்கிட்டே வரிகளை முறிக்கிறது. கீழே ஒரு சொல்லை நீக்கினால் மேலே உள்ள வரியின் முறிவும் மாறலாம். பத்தியின் முதல் வரியிலிருந்து வலது ஓரத்தை மறுபடி பார்த்த பிறகே அடுத்த திருத்தத்துக்குப் போகிறேன்.