குண்டா, உடன்படிக்கையா?

பகை நாடொன்று அணுகுண்டு செய்ய முயல்கிறது என்று தெரிந்தால் தாக்கி அழிப்பதா, பேசித் தடுப்பதா? இக்கேள்விக்கு ஆவேசமாகப் பதில் சொல்வோர் பலர். நாம் நடந்தவற்றை வைத்தே நிறுத்துப் பார்ப்போம்.

1981 ஜூன் 7ல் பக்தாதை அடுத்த துவைதாவில், பிரான்ஸ் உதவியுடன் ஈராக் கட்டி வந்த அணு உலையை இஸ்ரேலிய விமானங்கள் தகர்த்தன. அவ்வுலை சர்வதேச அணுசக்தி ஏஜென்ஸியின் கண்காணிப்புக்கு உட்பட்டது. ஐ.நா. பாதுகாப்புச் சபை அத்தாக்குதலை ஏகமனதாகக் கண்டித்தது. காரியம் அத்துடன் முடிந்ததா? கட்டடம் இடிந்ததே தவிர, விஞ்ஞானிகள் கற்ற கல்வி இடியவில்லை. அதற்குப் பிறகுதான் சதாம் ஹுசைன் யுரேனியத்தைச் செறிவூட்டும் வேலையை, பிறர் கண்ணில் படாமல், பெரிய அளவில் நடத்தினார். 1991 வளைகுடாப் போருக்குப் பின் உள்ளே சென்ற பரிசோதகர்களே அதைக் கண்டறிந்து ஒழித்தார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 2007ல் இஸ்ரேல் தகர்த்த சிரியாவின் உலை மீண்டும் எழவில்லை. 1994ல் அமெரிக்காவுடன் உடன்பாடு செய்த வட கொரியாவோ 2006ல் குண்டு வெடித்துக் காட்டிற்று.

எனவே வெறும் வாக்குறுதியை நம்பச் சொல்லவில்லை. அணு ஆயுதம் ஹராம் என்று ஈரானின் ஆயத்துல்லாஹ் காமனெயி கூறியிருந்தார். எதிர்த்தரப்புக்கு அது போதுமா? கடன் கொடுக்கும்போது சொந்தக்காரரிடமும் எழுத்தும் சாட்சியும் கேட்கிறோமே!

2015ல் ஈரானுடன் ஆறு நாடுகள் செய்த ஒப்பந்தம் அத்தகைய எழுத்தும் சாட்சியுமாகவே இருந்தது. செறிவு 3.67 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இருப்பு 300 கிலோவுக்கு மேற்படக்கூடாது. பரிசோதகர்கள் வந்து பார்ப்பார்கள். பல நிபந்தனைகளுக்குக் காலவரம்பு இருந்தது அதன் குறை என்பது உண்மையே. ஆயினும் ஈரான் ஒப்பந்தப்படி நடக்கிறதென்று ஏஜென்ஸி திரும்பத் திரும்ப அறிவித்தது. 2018 மே மாதம் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் அதிலிருந்து விலகினார். மறு ஆண்டிலிருந்து ஈரான் வரம்புகளை ஒவ்வொன்றாக மீறிற்று. 2021ல் செறிவு 60 சதவீதத்தை எட்டியது. குண்டுக்கு வேண்டியது சுமார் 90.

2025 ஜூனில் இஸ்ரேலும், பின்னர் அமெரிக்காவும் ஈரானின் அணு நிலையங்களின் மீது குண்டு வீசின. அதற்குச் சற்று முன் 60 சதவீதச் செறிவுள்ள யுரேனியம் சுமார் 440 கிலோ அங்கிருந்ததாக ஏஜென்ஸி கணக்கிட்டிருந்தது. தாக்குதலுக்குப் பின் பரிசோதகர்களுக்கு வழி அடைபட்டது. அந்த யுரேனியம் எங்கே, எந்நிலையில் உள்ளது என்பதைப் பல மாதங்கள் கடந்தும் ஏஜென்ஸியால் சரிபார்க்க இயலவில்லை.