அந்த நடிகரை விட்டுவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அமைத்து அனுப்பிய ஆங்கில கிரிப்டிக் குறுக்கெழுத்தை நேற்று முழுக்கப் போட்டு முடித்தேன். கட்டங்களின் சமச்சீர், குறுக்குவெட்டுகள் பற்றியெல்லாம் உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடமிருந்து வலம் 17 இன்னும் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

'செயின்ட் எம்ப்ரேசஸ் ஓல்ட் ஆக்டர் இன் தி ரோட்.' விடை 'ஸ்ட்ரீட்'. செயின்ட்டின் சுருக்கமான எஸ்-டி, நடுவில் 'ட்ரீ' என்ற நடிகரை வைத்துக்கொள்கிறது. யார் இந்த ட்ரீ? ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, லண்டன் நாடக மேடையை ஆண்டவர். 1917-ல் இறந்துபோனார். அவரை மேடையில் பார்த்தவர்கள் யாரும் இன்று இல்லை. ஆனாலும் இங்கிலாந்துப் புதிர்க்காரர்கள் அவரை விடாமல் கட்டத்துக்குள் இழுத்துவருகிறார்கள். சென்னையில் இருபத்தைந்து வயதில் உட்கார்ந்துகொண்டு நீயும் ஏன் இழுக்கிறாய்? மேலிருந்து கீழ் 4-லும் இதே கதைதான். 'இட்' என்றால் பாலியல் கவர்ச்சி. கிளாரா போ நடித்த 1927-ஆம் வருஷத்துப் படம் பரப்பிய வழக்கு அது. ஆங்கில நாவல்களிலேயே ஊறிய ஒரு பெண் உன் புதிரை எடுத்தால் இந்த இரண்டு இடத்திலும் வெளியே நிற்பாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாததால் இல்லை, பழைய புதிர்ப் புத்தகங்களைப் படிக்காததால். இது எனக்குப் பொறுக்கவில்லை.

அதே எழுத்துகளை வைத்து இப்படிப் பார்: 'வே செயின்ட் சர்க்கிள்ஸ் பீப்பல், பெர்ஹாப்ஸ்.' நம் ஊரில் அரசமரத்தைச் சுற்றாத சாமியார் உண்டா? ஆறு என்றாலும் உனக்கு உடனே டீ, எக்ஸ், கேம் என்று இங்கிலாந்து ஆறுகள்தான் வருகின்றன. 'ஃப்ளவர்' என்றால் பூ இல்லை, ஓடுவது, அதாவது ஆறு என்ற பழைய தந்திரத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் 'ராவி'யோடு வடகிழக்கைக் குறிக்கும் என்-ஈ சேர்ந்தால் 'ரவீன்'. 'இண்டஸ்' ஆற்றோடு 'ட்ரை' சேர்ந்தால் 'இண்டஸ்ட்ரி'. தபதி ஆற்றின் இன்னொரு பெயரான 'தாபி'யோடு ஆர் சேர்ந்தால் 'டேப்பர்' என்ற மிருகம். இவை கையருகே கிடக்க எக்ஸ் எதற்கு? கிரிக்கெட் சொற்களை மட்டும் தாராளமாக எடுத்துக்கொள். 'டக்' என்றால் பூஜ்யம், 'மெய்டன்' என்றால் எம், 'லெக்' என்றால் 'ஆன்' என்பதெல்லாம் திருவல்லிக்கேணிச் சந்தில் பந்து பொறுக்கும் பையனுக்கும் தெரியும்.

நான் புதிர் போடப் பழகிய காலத்தில் மறுநாள் பேப்பரில் விடை மட்டும்தான் வரும். அது எப்படி வந்தது என்று சொல்லித்தர ஆள் கிடையாது. என் பெரியப்பா ரயில்வேயில் இருந்தார். காபி ஆறிப்போவது தெரியாமல் விடையிலிருந்து குறிப்புக்குப் பின்னோக்கி நடந்து பார்ப்பார், நானும் கூடவே நடப்பேன். மூர் மார்க்கெட் தீப்பிடிப்பதற்கு முன்னால் அங்கே அட்டை கிழிந்த சேம்பர்ஸ் அகராதி ஒன்றை வாங்கித் தந்தார். அதிலிருந்து அபூர்வச் சொற்களாகப் பொறுக்கி ஒரு நோட்டில் எழுதினேன். பெரியப்பா அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் யார் பேசுறாங்கடா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் உன் 17-க்கும் கேட்கிறேன்.

இன்னொன்று, மேலிருந்து கீழ் 22. 'பே அட்டென்ஷன் டு சைலன்ட் மூவிங் பிக்சர்.' 'மூவிங்' சொல்கிறபடி 'சைலன்ட்' கலைந்தால் 'லிசன்'. இந்த ஜோடி தேய்ந்துபோனது, இருந்தாலும் போகட்டும். 'பிக்சர்' அங்கே என்ன செய்கிறது? வாக்கியம் அழகாக இருக்க வேண்டுமென்று வைத்திருக்கிறாய். விடைக்கு அது எதையும் தரவில்லை. 1939-லிருந்து அப்சர்வர் பத்திரிகைக்குப் புதிர் அமைத்த மக்நட், அதாவது சிமினிஸ், 1966-ல் ஒரு புத்தகமே எழுதி இதற்கு வரம்பு கட்டினார். அதன் சாரம்: சரியான பொருள், நேர்மையான சொல்விளையாட்டு, வேறெதுவும் கூடாது. அந்த மூன்றாவது விதிக்காகவே அவரை நான் வணங்குகிறேன். போடுகிறவர் ஒவ்வொரு சொல்லையும் நம்பித் தட்டிப் பார்க்கிறார். வேலை செய்யாத ஒரு சொல்லை நீ நடுவில் வைத்தால் அவர் நேரத்தைத் திருடுகிறாய். 'சைலன்ட் பிராட்காஸ்ட்? பே அட்டென்ஷன்!' என்று எழுதிப் பார். நாலே சொல், நாலும் உழைக்கின்றன.

இனி இடமிருந்து வலம் 9. 'எ கார்ட் எ மேன் ரீபில்ட் ஆஸ் போட்.' தம்பி, இதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வண்டியும் மனிதனும் எழுத்து பிசகாமல் கலைந்து 'கேட்டமரான்' ஆகின்றன. ஒருவன் தன் வண்டியைப் பிரித்துப் படகாகக் கட்டுகிற காட்சியும் அப்படியே நிற்கிறது. விடையோ நம் கடற்கரையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன கட்டுமரம். அராகேரியா என்ற பெயரில் கார்டியனில் புதிர் அமைத்த ஜான் கிரஹாம் 2013-ல் தன் புற்றுநோயையே ஒரு புதிரின் விடைகளாக வைத்து வாசகர்களுக்குத் தெரிவித்தார். எளிய சொற்களில் அவ்வளவு பெரிய விஷயத்தை ஏற்றிய கை அது. உன் 9-ஆம் எண்ணை அவர் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

17, 4, 22 மூன்றையும் மாற்றி எழுதி அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. ஞாயிறு காலை முழுக்க வீட்டில்தான் இருப்பேன், போன் பண்ணினாலும் சரி. 9-ல் மட்டும் ஒரு காற்புள்ளிகூடச் சேர்க்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்