வெயிலில் ஓடும் கார்: ஒரு கணக்குப் பாடம்



சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்கா சந்தையை ஒட்டிப் பஃபலோ சாலை என்றொரு சிறு சாலை உண்டு. முற்காலத்தில் அவ்வட்டாரத்தில் மாட்டு வணிகம் செழித்திருந்தது. அதன் நினைவாக நிற்பதே அப்பெயர். மாடு வண்டியை இழுத்தது. மாட்டுக்குப் புல் உணவு. புல்லுக்கு வெயில் உணவு. ஆகவே, மாட்டுவண்டியும் ஒரு வகையில் வெயிலில் ஓடிய வண்டியே ஆகும்! பின்னர், 1905ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வீதிகளில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1927இல் அவை நின்றன. பெட்ரோல் கார்கள் பெருகின. இன்று மீண்டும் மின்சாரத்தின் காலம் வந்துள்ளது. வீட்டுக் கூரையில் சூரியத் தகடு பதித்து, அம்மின்சாரத்தால் காரை ஓட்டுவோரும் அங்கு இருக்கின்றனர்.

நம் பள்ளி மாணவன் ஒருவனின் தந்தை, விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர். அங்கே ஒரு தரைவீட்டில் தோட்டவேலை செய்தபோது, வீட்டுக்காரரான முதியவர், "என் கார் வெயிலில் ஓடுகிறது" என்று கூறியிருக்கிறார். சில நாள் கழித்து ஒரு விற்பனையாளர் இவரைத் தேடி வந்து, "தகடும் மின்காரும் வாங்கினால் உங்களுக்கு இனிச் செலவே இல்லை" என்றாராம். முன்பணம் கட்டச் சேமநிதிப் பணத்தை எடுக்கலாமா என்று கேட்க, அந்தத் தாளுடன் அவர் என்னிடம் வந்தார். அன்று மாலை நாங்கள் இருவரும் போட்ட கணக்கே இப்பாடம்.

தகடு செய்யும் வேலை

ஒளி பட்டால் மின்னோட்டம் உண்டாகும் என்பதை 1839இல் பிரெஞ்சு அறிஞர் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். பயன்தரத்தக்க சிலிக்கன் மின்கலத்தை 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் செய்து காட்டினர். தகட்டில் பிறப்பது நேர்த்திசை மின்னோட்டம். வீட்டில் நாம் பயன்படுத்துவதோ மாறுதிசை மின்னோட்டம். இன்வெர்ட்டர் எனும் கருவி முன்னதைப் பின்னதாக மாற்றுகிறது. காரினுள் இருக்கும் மின்னேற்றி அதனை மீண்டும் நேர்த்திசை மின்னோட்டமாக்கிக் காரின் மின்கலத்தில் நிரப்புகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிதளவு மின்சாரம் வெப்பமாகி வீணாகும்.

கணக்கைப் பார்ப்போம்

தகடு ஒன்று 400 வாட் எனக் கொள்வோம். 8 தகடுகள் சேர்ந்தால் 3.2 கிலோவாட். நிலநடுக்கோட்டை அடுத்துள்ள சிங்கப்பூரில், மேகத்தையும் மழையையும் கழித்துப் பார்த்தால், ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 3 யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகத் தரும். ஆக, 8 தகடுகள் தருவது ஏறக்குறைய 10 யூனிட்.

நடுத்தர மின்கார் ஒன்று 100 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 16 யூனிட் வேண்டும். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் ஓடினால் 8 யூனிட். வீணாவதையும் சேர்த்தால் 9 யூனிட். கணக்குச் சரியாகவே இருக்கிறது! எனினும், வீட்டின் குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் அதே 10 யூனிட்டில் பங்கு கேட்கும் என்பதை மறத்தல் ஆகாது.

வேகமும் நேரமும்

பால்மரம் சீவுவோர் நன்கறிவர்: பால் வடியும் வேகத்தில்தான் மங்கு நிரம்பும். சூரியத் தகடும் அத்தகையதே. நல்ல வெயிலிலும் மேற்சொன்ன 8 தகடுகள் தருவது 2.5 கிலோவாட் அளவே. வீட்டில் பொருத்தும் மின்னேற்றியோ 7 கிலோவாட் வரை இழுக்கும். எஞ்சியது எங்கிருந்து வரும்? பொதுமின்கம்பியிலிருந்து வரும், அதற்குக் கட்டணமும் உண்டு. மின்னேற்றியின் வேகத்தை 1.5 கிலோவாட்டாகக் குறைத்து வைத்தால், ஐந்தாறு மணி நேரத்தில் 8 யூனிட்டும் பெரும்பாலும் வெயிலிலிருந்தே கிடைக்கும். பொறுமையே இங்குச் சிக்கனம்.

அடுத்தது நேரம். அந்த முதியவர் ஓய்வு பெற்றவர். பகல் முழுதும் அவருடைய கார் வீட்டில் நிற்கிறது. எனவே அவர் கூறியது உண்மையே. நம் மாணவனின் தந்தையோ விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புகிறவர். வெயில் இருக்கும்போது கார் இல்லை. கார் இருக்கும்போது வெயில் இல்லை!

இதற்கு வழி இரண்டு. பகல் மின்சாரத்தை வீட்டில் தனி மின்கலத்தில் சேமிக்கலாம். அதற்குத் தனிச் செலவாகும். அல்லது பகலில் மிஞ்சியதைப் பொதுமின்கம்பிக்குக் கொடுத்து, இரவில் திரும்ப வாங்கலாம். சிங்கப்பூரில் வீட்டார் கொடுக்கும் மின்சாரத்திற்குரிய தொகை கட்டணத்தில் கழிக்கப்படுகிறது. ஆனால் வாங்கும் விலையைவிட அது குறைவு. மேலும், அந்நாட்டு மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இயற்கை எரிவாயுவால் பிறப்பது. இரவில் மின்னேற்றிய கார் பெரும்பாலும் எரிவாயுவில்தான் ஓடுகிறது. அப்படியிருந்தும், பெட்ரோல் காரைவிட அது வெளியிடும் கரியமிலவாயு குறைவே என்பதையும் சொல்லுதல் நேர்மை.

கூரை இல்லாதோர் என்ன செய்வர்?

சிங்கப்பூரில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுக்குச் சொந்தக் கூரை இல்லை. ஆகவே அங்குக் கூரை பொதுச்சொத்தாகப் பயன்படுகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2008இல் சோதனையாகத் தகடுகளைப் பதித்தது. 2014இல் தொடங்கிய 'சோலார்நோவா' திட்டத்தால் அப்பணி விரிவடைந்தது. அம்மின்சாரம் பகலில் மின்தூக்கிக்கும் நீரேற்றும் பம்புக்கும் பயன்படுகிறது. மிஞ்சியது பொதுமின்கம்பிக்குச் செல்கிறது. நிலம் போதாமையால் நீரின்மீதும் தகடுகளை மிதக்கவிட்டனர். 2021 ஜூலையில் திறக்கப்பட்ட தெங்கே நீர்த்தேக்க நிலையத்தில் 1,22,000 தகடுகள் உள்ளன. அதன் திறன் 60 மெகாவாட். 2030க்குள் நாடெங்கும் 60,000 மின்னேற்று முனைகள் அமைப்பதும் அரசின் இலக்காகும்.

எச்சரிக்கை

மாணவர்களே, ஒளி படும்வரை தகட்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வீட்டின் விசையை அணைத்தாலும் தகடு ஓயாது. எனவே, பந்து கூரைமேல் விழுந்தாலும் ஏறக்கூடாது. பெற்றோர்களே, சாதாரண நீட்டிப்புக் கம்பியால் காருக்கு மின்னேற்றாதீர். கம்பி சூடேறித் தீப்பற்றக்கூடும். சிங்கப்பூரில் மின்னேற்றிகளுக்கென்றே 2022இல் சட்டம் இயற்றப்பட்டு, 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.

முடிவுரை

கணக்கு முடிந்ததும் அத்தந்தை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பகல் வேலை போய் இரவு வேலை வந்தால் பார்ப்போம், ஐயா" என்று சிரித்தார். சேமநிதிப் பணம் தப்பியது. வெயில் இலவசமே, ஆனால் அதைப் பிடிக்கும் தகடும் சேர்க்கும் கலமும் இலவசமல்ல. கதிரவனைக் குறை கூறவும் வேண்டாம். விற்பனையாளரின் சொல்லை அப்படியே நம்பவும் வேண்டாம். "எத்தனை யூனிட்? எந்த நேரத்தில்?" என்று கேட்கக் கற்றவனே உண்மையில் கணக்குக் கற்றவன்.

பயிற்சி

1. 400 வாட் தகடுகள் 5 இருந்தால் மொத்தம் எத்தனை கிலோவாட்?
2. 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் எனில், 25 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட்?
3. உன் வீட்டில் பகலில் மட்டும் செலவாகும் மின்சாரம் எவ்வளவு? மின்மானியைக் காலையிலும் மாலையிலும் பார்த்து எழுதுக.