லீவு கேட்கும்போது நாக்கு ஏன் கூசுகிறது?

ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் புதுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அன்றிலிருந்து மார்கழி வரை அச்சகங்களில் இரவு பகல் தெரியாது. அதே மாதங்களில்தான் பட்டாசு ஆலைகளும் தீபாவளி ஆர்டரை முடிக்க ஓடுகின்றன. இந்தச் சமயத்தில் "அண்ணாச்சி, நாளைக்கு ஒருநாள் லீவு வேணும்" என்று கேட்கப் போகிறவர், ஆபீஸ் ரூம் வாசலில் நின்று காரணத்தை ஒத்திகை பார்ப்பார். காய்ச்சல், கல்யாணம், துஷ்டி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் மீட்டிங். "அலுப்பா இருக்கு, கை ஓடலை" என்ற உண்மையான காரணம் மட்டும் அந்தப் பட்டியலில் இருக்காது.

இதே ஆள் பங்குனிப் பொங்கலுக்கு யாரிடமும் போய் நிற்பதில்லை. விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் கோயில் பொங்கல் என்றால் ஊரே கடையடைப்பு மாதிரி இருக்கும். திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் என்றால் மாவட்டத்துக்கே விடுமுறை. தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடந்து, பிறகு பூஜை போட்டுத் திறக்கின்றன. அந்த நாட்களில் படுத்துத் தூங்கியதற்காக யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஆக, நமக்கு ஓய்வு பிடிக்காமல் இல்லை. ஊரோடு சேர்ந்து நின்றால் கூச்சமில்லை, தனியாக நின்றால் குற்றவாளி போலத் தோன்றுகிறது. இந்தக் கூச்சம் போக ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது: ஓய்வை மனநிலைக்கும் முதலாளியின் முகத்துக்கும் விட்டுவிடாமல், முன்கூட்டியே மணிக்கணக்கிலும் காகிதத்திலும் முடிவு செய்துவிடுவது.

ஏன் முன்கூட்டியே? களைத்துப் போன ஆளுக்குத் தன் களைப்பை அளக்கத் தெரியாது. 2003-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், இரண்டு வாரம் தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம், ராத்திரி முழுக்கக் கண்ணே மூடாதவர்களின் கவனத்துக்கு இணையாகச் சரிந்திருந்தது. கேட்டால், "லேசாத் தூக்கம் வருது, மத்தபடி நல்லாத்தான் இருக்கேன்" என்கிற ரீதியில்தான் பதில் வந்தது. நம் ஊரில் 6 மணி நேரத் தூக்கத்தைச் சுறுசுறுப்புக்கு அடையாளமாகச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1997-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதற்குச் சமம். இந்தியாவில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். காலை 5 மணிக்கு எழுந்து, பகல் ஷிப்டு முடித்து, ஆர்டர் அவசரம் என்று இருந்துவிட்டவர், இரவு 10 மணிக்குக் கட்டிங் மெஷினில் பேப்பர் கட்டை நகர்த்துகிறார். குடித்துவிட்டு வந்தால் அந்த மெஷின் பக்கம் யாராவது விடுவார்களா?

அதனால் "எப்படி இருக்கு?" என்று உடம்பிடம் மட்டும் கேட்டுப் பயனில்லை, வேலையைப் பாருங்கள். பிரஸ்ஸில் இருந்தால்: ஒரே புரூஃபை மூன்றாவது முறை படிக்கிறீர்களா? தேதியும் கிழமையும் பொருந்தாததைக் கண் தாண்டிப் போகிறதா? மண்டிக் கணக்குப் பிள்ளையாக இருந்தால், ஒரே பத்தியைக் கூட்டக் கூட்ட வேறு வேறு தொகை வருகிறதா? பட்டாசு ஆலையில் என்றால், எண்ணிக்கை தப்புவதும் மெதுவாக வைக்க வேண்டியதை வேகமாக வைப்பதும், போர்மேன் எச்சரித்தால் சுள்ளென்று கோபம் வருவதும் அடையாளங்கள். எரிச்சலைத்தான் நான் முதலில் நம்புவேன். உடம்பு அலுத்ததை மறைத்துவிடலாம், சள்ளென்று விழுவதை மறைக்க முடியாது. நேற்றுவரை சிரித்துப் பேசிய அக்கா இன்று டீ கிளாஸைத் தொப்பென்று வைத்தால், அவருக்குத் தேவைப்படுவது புத்திமதியாக இருக்காது.

ஒரு நாள் தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவது அலுப்பு. இரண்டு நாள் லீவு எடுத்து வந்தும் சக்தியெல்லாம் வற்றிப்போன மாதிரியே இருக்கிறது, செய்யும் தொழில் மீதே வெறுப்பு வருகிறது, எதைச் செய்தாலும் உருப்படியாக வரவில்லை என்று தோன்றுகிறது என்றால் அது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பணிச்சோர்வுக்கு இலக்கணம் சொன்னது. கையாளப்படாமல் நாட்பட்ட பணி அழுத்தத்தால் வருவது என்றும் சேர்த்தே சொன்னது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அதற்கு மருந்தாகாது. வேலையின் அளவைக் குறைக்க வேண்டும், மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பீஸ் ரேட்டில் வேலை பார்க்கும் பெண்ணிடம் போய் "அப்பப்போ ரெஸ்ட் எடும்மா" என்று சொல்வது சுலபம். அவர் கணக்கில் பத்து நிமிடம் என்பது இத்தனை ரூபாய். தீபாவளி போனஸ், வாங்கிய அட்வான்ஸ், பிள்ளையின் பீஸ் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள் இருக்கின்றன. அவருடைய தயக்கத்தைக் குற்ற உணர்ச்சி என்று மனோதத்துவப் பெயர் சூட்டுவது நியாயமில்லை, அது கூலிப் பிரச்சினை. ஆனால் அந்தக் கணக்கில் விட்டுப்போன ஒரு வரி உண்டு. கடைசி இரண்டு மணி நேரத்தில் கட்டிய சரக்கில் எவ்வளவு கழிவாகிறது, எவ்வளவைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். இடைவேளை விட்ட நாளையும் விடாத நாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நஷ்டம் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் வரும் என்பது என் அனுமானம். உங்கள் நோட்டு வேறு கதை சொன்னால் நோட்டையே நம்புங்கள்.

பட்டாசில் நஷ்டம் ரூபாயோடு நிற்பதுமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். இவற்றுக்குக் களைப்புதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வட்டாரத்து விபத்துச் செய்திகளில் 'உராய்வு' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த உராய்வு நடந்தது அன்றைய வேலையின் எத்தனையாவது மணி நேரத்தில், அந்தக் கை எத்தனை நாளாக விடுமுறை காணவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்.

இத்தனைக்கும் ஓய்வைப் பற்றிய நல்ல பாடம் ஒன்று இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிட வேண்டும். கலந்த மருந்தை அன்றே தீர்க்க வேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. அப்படியென்றால் தீர்க்க முடிகிற அளவுக்குத்தான் கலக்க வேண்டும். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற டிசைனருக்கும் அக்கவுண்டண்டுக்கும் இதைவிட நல்ல நேர நிர்வாக யோசனை கிடையாது. இன்றைக்கு முடியாத வேலையை இன்றைய கணக்கில் ஏற்றாதீர்கள். "அஞ்சு டிசைன் சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்றால், "மூணு இன்னிக்கு, ரெண்டு நாளைக்குப் பதினோரு மணிக்கு" என்று அப்போதே சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்குச் சொன்னால் அது சாக்கு. காலை பத்து மணிக்குச் சொன்னால் அது திட்டம்.

இனி சட்டம். வாரம் ஒருநாள் விடுமுறையே யாரும் சும்மா கொடுத்ததில்லை. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடிய பிறகு, 1890-இல்தான் அங்கே ஞாயிறு விடுமுறை கிடைத்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. அரை மணி இடைவேளையாவது விடாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்றும் வைத்தது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியபோது கிளம்பிய எதிர்ப்பில், அந்த மே தினத்தன்றே அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்கக் கால் கடுக்க நிற்கிறவர்களுக்கும் ஒன்று: கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. ஸ்டூல் போடச் சொல்லிக் கேளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. இந்த வட்டாரத்துக்கு முக்கியமான மாற்றம் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பில் இருக்கிறது. முன்பு ஆண்டுக்கு 240 நாள் வேலை பார்த்திருந்தால்தான் அது உண்டு, இப்போது 180 நாள் போதும். மழையும் சீசனும் நாட்களைத் தின்றுவிடும் பட்டாசுத் தொழிலில் 240 எட்டாதவர்கள் உண்டு. வேலை பார்த்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் விடுப்பு. எடுக்காத நாட்களை 30 வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகலாம். முறையாகக் கேட்டு மறுக்கப்பட்ட நாட்களுக்கு அந்த 30 என்ற வரம்பும் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், லீவை வாய்வார்த்தையில் கேட்காதீர்கள். இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, பதினைந்து நாள் முன்னாலேயே கொடுங்கள். நகலை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தால் இன்னொரு லாபமும் உண்டு: காரணத்தை ஒத்திகை பார்க்க வேண்டியதில்லை. "எனக்குரிய ஆண்டு விடுப்பில் இரண்டு நாள்" என்பதே போதும்.

மேலுக்கு முடியாமல் போனால் ஆண்டு விடுப்பை அதில் கரைக்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்கு, மருத்துவர் சான்று தந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். சிவகாசியிலேயே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. (லைசென்ஸ் இல்லாமல் வீட்டிலும் குடோனிலும் திரி ஓடுகிற இடங்களுக்கு இந்தப் பத்திகள் பொருந்தாது. அங்கே லீவைப் பற்றி யோசிக்காதீர்கள், அங்கிருந்து வெளியேறுவதைப் பற்றி யோசியுங்கள்.)

வேலை இல்லாத நாளை ஓய்வு நாள் என்று எண்ணிக்கொள்வதும் தவறு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை சொன்ன பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த நாட்களில் இங்கே ஒருவர் முகத்திலும் தெளிச்சி இல்லை. அடுத்த வாரக் கூலி வரும் என்று தெரிந்தவருக்குத்தான் தூக்கம் வரும்.

பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் இடமாற்றம் மட்டுமே. ஆலையிலிருந்து அடுப்படிக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும். வாரத்தில் ஒரு மத்தியான வேளையாவது உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லியும் விடுங்கள். சமையலை மற்றவர்கள் ஒருவேளை பார்த்துக்கொள்வார்கள். உப்புக் கூடினால் கூடட்டும்.

போர்மேன்களுக்கும் முதலாளிமாருக்கும் ஒரு வேண்டுகோள். டீ வேளை வந்ததும் முதலில் நீங்கள் எழுந்து வெளியே போங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். புரட்டாசியில் வேலை இறுகும் என்று தைமாதமே உங்களுக்குத் தெரியும். ஆட்களின் லீவு அட்டவணையை ஆனி முடிவதற்குள் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.